மரம் இருந்த இடத்தில் ஆறடி விடுங்கள்

சேலத்திலுள்ள எங்கள் சபையின் ஆயர் ஐயா அவர்களுக்கும் கமிட்டியாருக்கும்,

ஸ்தோத்திரம். ஆலய வளாகத்துப் புங்கமரத்தை ஏன் வெட்டினீர்கள் என்று மறுபடி கேட்கப் போவதில்லை. கார் நிறுத்த இடம் போதவில்லை, இலைக்குப்பை வேறு என்று சொல்லிவிட்டீர்கள். மரமும் போய்விட்டது. நான் கேட்பது, அந்த இடத்தில் ஆறடிக்கு ஆறடி இன்டர்லாக் கல்லைப் பெயர்த்துவிட்டு ஒரு கன்று நட அனுமதி.

என் அம்மாவுக்கு 74 வயது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார். ஆராதனை முடிந்ததும் பஸ் நேரம் வரைக்கும் அந்த மரத்தடி மேடையில்தான் உட்காருவார். கூட நாலைந்து பாட்டிகள். சித்திரையில் மேடை முழுக்கப் பொரி கொட்டினது போலப் பூ கிடக்கும். முந்தானையால் தட்டிவிட்டு உட்காருவார்கள். போன ஞாயிறு அம்மா, செருப்பு கிடந்த கேட் பக்கம் வெறுங்காலோடு நடந்தவர், பாதி தூரத்தில் கல் சூடு பொறுக்காமல் ஒரு காரின் நிழலில் ஒதுங்கி நின்றார். கார்க்காரர் வந்து வண்டியை எடுத்தார். நிழலும் கூடவே போய்விட்டது.

இதைச் சொன்னபோது கமிட்டிப் பெரியவர் ஒருவர் சிரித்தார். “பூமியே எரிஞ்சு போகப் போகுது தம்பி, ஒரு மரத்துக்குப் போய்…” பூமி எரிந்துபோகும் என்கிற 2 பேதுரு 3:10ஐத்தான் சொல்கிறார். சரி ஐயா, இன்னும் மூன்று வசனம் தாண்டிப் படித்திருக்கலாமே! நீதி வாசமாயிருக்கும் புதிய பூமிக்குக் காத்திருக்கிறோம் என்று அதே பேதுருதான் எழுதுகிறார். 6ஆம் வசனத்தில், ஜலப்பிரளயத்தில் அன்றைய உலகம் அழிந்தது என்கிறார். அழிந்த பிறகு நோவாவின் புறா எதைக் கொண்டுவந்தது? ஒலிவ இலையை. அதே பூமியில் இருந்த மரத்தின் இலை. ரோமர் 8இல் சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்கிறார் பவுல். பிரசவ வலியைச் சாவு வலி என்று யாரும் சொல்வதில்லை. வெளிப்படுத்தல் 21இல் புதிய எருசலேம் நகரம்தான் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. அடுத்த அதிகாரத்தில் நதி, மாதந்தோறும் கனி தரும் ஜீவவிருட்சம். அதன் இலைகள் ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு. நமக்கு இலை என்றால் குப்பை. பூமியைக் கெடுக்கிறவர்களைப் பற்றி அதே புத்தகத்தின் 11:18 சொல்வதை நான் இங்கே எழுதவில்லை, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரே அப்படித்தான். ஜீவநதியைப் பற்றி உருக்கமாகப் பாடிவிட்டு, திருமணிமுத்தாற்றுப் பாலம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு, டவுனுக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயக்கழிவும். அதற்காக ஒரு உபவாச ஜெபம் வைத்தோமா? கார் ஷெட்டுக்கு மட்டும் ஜெபம் பண்ணி ரிப்பன் வெட்டினோம். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

ஆறடிதான். ஒரு கார் நிற்கிற இடத்தில் கால்வாசி. புங்கங்கன்று எங்கள் வீட்டு வாசலில் கறுப்புப் பையில் இருக்கிறது. கடப்பாரை நான் கொண்டுவருகிறேன், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் பொறுப்பு. வருகிற கமிட்டிக் கூட்டத்தில் தயவுசெய்து இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் சபை அங்கத்தினன்