ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு

அன்புள்ள மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இங்கிலாந்தில், உன் லீட்ஸ் ஊரில் குளிர் விட்டதா?

போன வாரம் போனில் நீ உன் வார்டில் இருக்கும் நியூஸ் (NEWS) சார்ட்டைப் பற்றி, நோயாளியின் மூச்சு, நாடி, பிரஷருக்கெல்லாம் மதிப்பெண் போட்டு நிலைமை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் அட்டவணை என்று சொன்னதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. மூச்சு நிமிஷத்துக்கு 25ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3 மதிப்பெண், டாக்டருக்குத் தகவல் போயாக வேண்டும் என்றாயே. 34 வருஷ நர்ஸ் சர்வீஸில் அப்படியொரு சார்ட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. நாடி, பிரஷர், டெம்பரேச்சர் எல்லாம் ஒழுங்காகப் பார்ப்போம். மூச்சுக் கட்டத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு 20 என்று போடுவோம். ராத்திரியில் 40 கட்டிலுக்கு இரண்டு பேர்தானே.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. ஒரு நைட் டியூட்டியில் நிமோனியாவோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. 20 என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பாட்டி, "தாயி, அந்த மனுசன் ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா நிறுத்துதாரு, பாத்தியா?" என்றாள். திரும்பிப் போய்ப் போர்வையை விலக்கினேன். தொண்டைக் குழி உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வாட்சைப் பார்த்து எண்ணினேன். 36.

ஆக்சிஜன் வைத்து, டியூட்டி டாக்டரை எழுப்பி, விடியும்வரை அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. பிழைத்துக்கொண்டார். எழுதிய 20ஐ 36 ஆக்கிவிடலாமா என்று பேனாவோடு கை போனது உண்மை. திருத்தவில்லை. கீழே நேரம் போட்டு 36 என்று எழுதினேன். "எண்ணாம எழுதிட்டேன் சார்" என்றேன். நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

நர்ஸ்கள் தினமான மே 12 அன்று மைக் பிடிப்பவர்கள் எல்லோரும் பொறுமை, இரக்கம், நைட்டிங்கேல் அம்மாவின் விளக்கு என்றுதான் பேசுவார்கள். அந்த அம்மா விளக்கோடு நிற்கவில்லை ராசா. கிரிமியப் போரில் செத்த சிப்பாய்களைக் காரணம் பிரித்து எண்ணி, 1858இல் வட்டப் படமாகவே போட்டுக் காட்டினார். காயத்தில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள்தான் அதிகம் என்று அதில் தெரிந்தது. இரக்கம் எனக்கும் அன்றைக்கு இருந்தது, பெரியவருக்குப் போர்வையெல்லாம் இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் வந்தேன்!

மூச்சை எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதே. சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சைக் கவனி. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதே. அப்புறம், அந்த ஊர் நோயாளிகள் பேச்சு புரியாவிட்டால் தலையாட்டி வைக்காமல் மறுபடி கேள். இங்கே உன்னையும் பழக்கதோஷத்தில் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள், அங்கே கிழவர்கள் "லவ்" என்கிறார்களாம். அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அங்கே டியூட்டியில் முழங்கைக்குக் கீழே வாட்ச் கட்டக் கூடாது என்றாய் அல்லவா? என் பழைய எச்எம்டி வாட்சின் பட்டையைக் கழற்றி, சட்டையில் குத்துகிற மாதிரி ஊக்கு வைக்கக் கொடுத்திருக்கிறேன். மாவடு பார்சலோடு வரும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷம் பின்னால் போகும். ஆனால் விநாடி முள் நிற்காமல் ஓடுகிறது.

அன்புடன்,
அம்மா