ககியாமா படத்துக்குக் கீழே மலினின் பெயர்

தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு, பாம்பனிலிருந்து ஒரு வாசகியின் வணக்கம்.

2025 மார்ச்சில் பாஸ்டனில் நடந்த ஃபிகர் ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப்பை எப்படிப் போட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்களில் ஒருவர் பனிச்சறுக்கு என்று தலைப்பிட்டு நாலு வரி எழுதி, ஜப்பானின் யூமா ககியாமாவின் படத்துக்குக் கீழே அமெரிக்காவின் இலியா மலினின் பெயரைப் போட்டிருந்தார். ஏழாவது படிக்கும் என் அக்கா மகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி, பள்ளியில் காலை இறைவணக்கத்தில் செய்தியாக வாசித்து, படத்தையும் தூக்கிக் காட்டியிருக்கிறாள். மறுநாள் ஒரு பையன் போனில் பார்த்துவிட்டு வந்து எல்லார் முன்னாலும் தப்பு என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் நோட்டோடு வந்து, "சித்தி, பேப்பர்லதானே போட்டிருந்துச்சு" என்றாள். பேப்பரில் வந்தால் சரியாக இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

பனிச்சறுக்கு மலைச்சரிவில் நடப்பது, இது அரங்கத்து ஐஸில் தாவிச் சுழன்று ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங். யார் எதில் கெட்டி, யாருக்கு வாய்ப்பு என்று இரண்டு பத்தி எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எழுத விஷயமா இல்லை? 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுசுரு ஹன்யு முயன்று விழுந்த நாலரைச் சுற்று ஆக்ஸலை (முன்பக்கம் பார்த்தபடி கிளம்பும் தாவல்), அதே வருஷம் செப்டம்பரில் 17 வயதில் முதன்முதலாகச் சரியாக இறக்கியவர் மலினின். அந்தத் தாவலுக்கு அடிப்படை மதிப்பே 12.5 புள்ளி. பாஸ்டனில் அவருக்கு மொத்தம் 318.56 புள்ளி, இரண்டாவது வந்த கஜகஸ்தானின் மிகைல் ஷைதரோவுக்கு 287.47. ஷைதரோவ் மூன்றரைச் சுற்று ஆக்ஸலை இறக்கிய கையோடு அடுத்தடுத்துத் தாவும் அந்த வரிசையின் கடைசியில் நாலு சுற்றுத் தாவலைச் சேர்ப்பார், பார்க்கிற நமக்கு மூச்சு நிற்கும். ககியாமாவின் பலம் முழங்காலும் ஸ்கேட் கத்தியின் விளிம்பும்தான், ஐஸில் அவர் கால் உரசுகிற சத்தமே கேட்காது, என் மனசு அவர் பக்கம். ஆனால் முதலில் ஆடும் சின்ன ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் இரண்டாவதாக இருந்தவர், அடுத்து ஆடும் நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் தடுமாறி, மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். தவறில்லாமல் ஆடினால்கூட மலினினின் தாவல் கணக்கை எட்டுவது அவருக்குக் கஷ்டம். அதற்காக மலினினுக்கு 2026 மிலான் ஒலிம்பிக் தங்கம் உறுதி என்றும் எழுதிவிடாதீர்கள். 2018 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நேதன் சென் ஷார்ட் புரோகிராமில் 17-ஆவது இடத்துக்குச் சரிந்து, ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம் பிடித்தும் மொத்தத்தில் ஐந்தாவதாகத்தான் வர முடிந்தது. ஒரு ராத்திரி போதும்.

ஐபிஎல் ஏலத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சரி. ராமநாதபுரம் கடற்கரையில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் கொட்டுவதுதானே, இதை அங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. படகு பிடிபட்டாலோ புயல் வந்தாலோதான் எங்கள் ஊர்ப் பெயர் உங்கள் பேப்பரில் வருகிறது. நாங்கள் மற்ற நாளிலும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். 2026 பிப்ரவரியில் மிலானில் ஒலிம்பிக். அதற்குள் இந்த மூன்று பேரையும் ஒப்பிட்டு இரண்டே பத்தி, தமிழில், சரியான படத்தோடு போடுங்கள். அவள் நோட்டில் ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட்டு வைத்திருக்கிறாள்.