அவனுக்கு ஒரு வேலை கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கடலை பிடுங்கி முடித்தாகிவிட்டது. நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் அம்மா குறுக்கே வந்து உன் சாப்பாட்டை விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான்.

அங்கே அமெரிக்காவில் கால் போன சிப்பாய்களைத் தேற்ற கோல்ஃப் ஆடவைக்கிறீர்கள் என்று நீ சொன்னதும் முதலில் சிரித்துவிட்டேன். நான் கோல்ஃபைப் பார்த்ததெல்லாம் நீலகிரி வெலிங்டனில்தான். மதராஸ் ரெஜிமென்ட் சென்டரில் ரெக்ரூட்டாக இருந்த நாட்களில் அந்தப் பச்சைச் சரிவு அதிகாரிகளுடையது. இந்தப் பக்கம் நாங்கள் 'வீர மதராசி, அடி கொல்லு' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடுவோம். அந்தப் பக்கம் ஒருத்தர் ஒரு வெள்ளைப் பந்தை அடிக்க அரை நிமிஷம் யோசித்துக்கொண்டு நிற்பார். பணக்காரர்களுக்குப் பொழுது போகாமல் வந்த ஆட்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ அனுப்பிய அமெரிக்கன் லேக் கோல்ஃப் மைதானத்து வீடியோவைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. நிலம் அரசாங்கத்தின் படைவீரர் ஆஸ்பத்திரியுடையது, நடத்துவதோ சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்றாயே, அது எனக்குப் பிடித்தது. கோல்ஃபில் 18 பெரிய பட்டங்கள் ஜெயித்த ஜாக் நிக்லஸ் கூலி வாங்காமல் ஒன்பது குழிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து, 2016-ல் திறந்தார்களாம். பெரிய மனுஷன்தான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த ஒற்றை ஆள் வண்டியை. இருக்கை அப்படியே எழும்பி, இடுப்புக்குக் கீழே அசைவில்லாத மனுஷனை நிமிர்த்தி நிறுத்துகிறது. வாரினால் கட்டியபடியே அவர் மட்டையை வீசுகிறார். எதிரே இருப்பவனின் கண்ணுக்கு நேரே கண் வைத்துப் பார்க்க அவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்றோ.

உன் படிப்பில் இதற்கெல்லாம் பேர் இருக்கும். எனக்குத் தெரிந்தது என் இடது கால். 2002-ல் எல்லையில் கண்ணிவெடி முழங்காலுக்குக் கீழே கொண்டுபோன பிறகு, புனே செயற்கை உறுப்பு மையத்தில் புதுக்கால் போட்டார்கள். 1944-லிருந்து எங்களைப் போன்றவர்களை நடக்கவைத்த இடம் அது. இரட்டைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிமென்ட் தரையில் நன்றாகவே நடந்தேன். ஊருக்கு வந்து வரப்பில் கால் வைத்ததும் குப்புற விழுந்தேன். புல்லும் மேடும் பள்ளமும் கற்றுத் தருவதைத் தரை கற்றுத் தராது. அதுவும் வலது கைக்காரன் பந்தை அடித்து முடிக்கும்போது உடம்பின் கனம் முழுக்க இடது காலில் திரும்பி நிற்கும். செயற்கைக் காலின் மேல்கிண்ணமான சாக்கெட்டுக்குள் மிச்சக் கால் முறுக்கும். எனவே அடிக்கச் சொல்வதற்கு முன்னால் மிச்சக் காலில் போட்ட துணி உறை சுருங்கியிருக்கிறதா என்று பார். தோல் சிவந்திருந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம்.

இப்போது நீ சொன்ன அந்தப் பட்டாளத்துப் பையன் விஷயம். பேர் சொல்லாமல் விட்டாய், அது சரி. மைதானத்துக்கு வரமாட்டேன் என்கிறான், 'வேடிக்கைப் பொருளாக என்னால் நிற்க முடியாது' என்கிறான், எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டாய்.

சம்மதிக்க வைக்காதே.

உன்னிடம் சொல்லாத கதை ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்தபோது சாயங்காலம் வாலிபால் நடக்கும். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். பக்கத்துக் கட்டில் கர்வால் மலைநாட்டு சுபேதார் ஒருநாள் என் கையில் சாக்பீஸைத் திணித்து, 'புள்ளி எண்ணுறதுக்கு ஆள் இல்லை, வா' என்றார். ஆறுதல் ஒரு வார்த்தை கிடையாது. எரிச்சலோடு போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று சாதித்தார்கள். 'பொய்!' என்று கத்திக்கொண்டே எழுந்தேன். கால் இல்லை என்பது விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. யாரும் தூக்க வரவில்லை. எல்லோரும் அந்தப் பந்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிபட்ட நாளிலிருந்து நான் விழுந்ததும் யாரும் ஓடிவராதது அன்றைக்குத்தான். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

அதனால் அவனை ஆடக் கூப்பிடாதே, வேலைக்குக் கூப்பிடு. உங்கள் குழுவில் பார்வை போன பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவருக்குக் கண்ணாக ஒருத்தன் வேண்டும். மட்டையைப் பந்துக்குப் பின்னால் நேராக வைத்து, குழி எத்தனை தப்படி, காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். மணல் குழிக்குள் போனால் அடிக்கும் முன் மட்டையால் மணலைத் தொடுவது மற்றவர்களுக்குத் தப்பு, பார்வையற்றவருக்குத் தப்பில்லை என்று 2023 விதிப் புத்தகத்திலேயே சேர்த்திருக்கிறார்களாம். அந்த விதியைப் படித்து வரச் சொல். பட்டாளத்தான் விதி என்றால் படிப்பான்.

சார்லி பாஸ்வெல் என்று அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் ஒருவர் இருந்தார். 1944-ல் ஜெர்மனியில், அடிபட்ட டாங்கியிலிருந்து கூட்டாளியை இழுக்கப் போய்க் கண்ணை இழந்தவர். அதற்கு முன்னால் கோல்ஃப் ஆடியதே இல்லை. பிற்பாடு பார்வையற்றோர் தேசியப் போட்டியை 16 தடவை ஜெயித்தார். பக்கத்தில் நின்று திசை சொன்னவன் இல்லாமல் ஒரு பந்துகூட அவர் அடித்திருக்க முடியாது. ஆனால் இதைப் பையனிடம் சொல்லித் தொலைக்காதே. என் வார்டுக்கு வந்த ஒவ்வொருத்தனும் எனக்கு ஒரு வீரன் கதை சொன்னான்.

அவன் வந்தால் கை தட்டாதீர்கள். பெரியவர் பந்தைத் தவறவிட்டால் இவனைத் திட்டட்டும், இவனும் திருப்பித் திட்டட்டும். வராவிட்டால் அடுத்த சனிக்கிழமை இதையே மறுபடி கேள்.

காலுக்கு நல்ல பருத்தி உறை அங்கே கிடைத்தால் நாலு ஜோடி வாங்கி அனுப்பு. இங்கே கிடைப்பது இரண்டு துவைப்புக்குத் தாங்குவதில்லை. என் அளவு உனக்குத் தெரியும். பணம் எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா