ஈரக் கையும் காம்பஸ் முள்ளும்

மண்டபம்

மாப்ள,

பதில் போடாததற்குத் திட்டணும்னா நேரில் வந்து திட்டு. அத்தைக்கு முழங்கால் தேவலை. கச்சான் காத்து ஓயவே இல்லை, சோத்திலும் மணல்.

சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு நான் பிசிக்ஸ் சொல்லித் தர்றேன். சிரிச்சு முடிச்சியா? கம்பியில் மின்சாரம் ஓடினா காந்தப்புலம் எந்தப் பக்கம்னு சொல்ற வலதுகை விதியைக் கடகடன்னு ஒப்பிக்குதுங்க, ஆனா காம்பஸ் முள் திரும்புறதை ஒண்ணுகூடப் பார்த்ததில்லை! எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. வள்ளத்து பேட்டரியோடு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடரில் கோத்து, சின்ன காம்பஸுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, வடக்கு தெற்கா கம்பியை நீட்டினேன். 12 வோல்ட், 1.75 ஆம்பியர். முள் விசுக்குன்னு 40 டிகிரி போல திரும்பிச்சு; பேட்டரி முனையை மாத்தினா மறுபக்கம். 1820-ல் கோபன்ஹேகனில் எர்ஸ்டெட்ங்கிற விஞ்ஞானி கண்டதும் இதுதான். அந்தத் தூரத்தில் கம்பியின் காந்தப்புலம் 35 மைக்ரோடெஸ்லா, இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40. ரெண்டும் இழுத்த இழுப்பில் முள் இடையில் நிக்குது. கணக்கும் முள்ளும் ஒத்துப்போனதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் பாம்பன் வரை கேட்டிருக்கும்.

ஒரு பொடியன் மடக்கினான்: "புத்தகப் படத்தில் முள் சரிஞ்சு நிக்குதே?" காந்தமேத்தின ஊசியை நூலில் நடுவே கட்டித் தொங்கவிட்டோம், படுத்தே கிடந்தது. லண்டனில் சுமார் 66 டிகிரி சாயும். முள் சாயாம படுத்தே கிடக்கிற காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே பக்கத்தில்தான் ஓடுது. கேரளத்துத் தும்பாவும் அந்தக் கோட்டுக்குப் பக்கம், 1963-ல் அங்கே ராக்கெட் விட்டதே அதனாலதான்னு சொன்னேன். கலாம் ஐயா அங்கே வேலை பார்த்தார்னதும் பயல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒண்ணு மட்டும் வயித்தைக் கலக்குது மாப்ள. கடல்தண்ணி சொட்டுற கையோட மோட்டார் சுவிட்சைத் தட்டுறாங்க. காய்ந்த தோலுக்குத் தடை பல்லாயிரம் ஓம். நனைஞ்சா ஆயிரத்துக்குக்கூட இறங்கும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகு: 230 மில்லியாம்பியர். மின்கசிவைக் கண்டு கரண்டை நிறுத்துற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் 30-லேயே இணைப்பைத் துண்டிக்குது, இது அதுக்கு ஏழு மடங்குக்கும் மேலே. ஓம் விதியை மார்க்குக்கு எழுதின பிள்ளைகள் இந்த வகுத்தலைப் போட்டுட்டு வாயடைச்சுப் போச்சுங்க. ஒருத்தி அன்னிக்கு ராத்திரியே அப்பனோட மல்லுக்கு நின்னு ஆர்.சி.சி.பி. வாங்க வச்சுட்டா. மத்த வீடுகளில் இன்னும் 'பார்க்கலாம்'தான்.

அடுத்து ஃபாரடே. 1831-ல் அவர் செஞ்ச மாதிரி, சுருளுக்குள்ளே காந்தத்தை நுழைச்சு இழுத்து மின்சாரம் வரவைக்கணும். மதுரையில் மோட்டார் காயில் கட்டுற கடையில் எனாமல் செம்புக்கம்பி கால் கிலோ வாங்கு. மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்ட, நடுவில் பூஜ்யம் உள்ள கால்வனாமீட்டர் ஒண்ணும் வேணும். காசு கண்டிப்பா தருவேன், போன தடவை மாதிரி இல்லை.

உன்
பங்காளி