1.7 நொடியை எப்படிப் படிப்பது?

ஆசிரியருக்கு,

2017 ஆகஸ்ட் 17-ல் இரு நியூட்ரான் விண்மீன்கள் (இறந்த விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதியது பதிவானபோது, ஈர்ப்பலை, அதாவது வெளியிலேயே பரவும் ஈர்ப்பின் அதிர்வு, வந்து 1.7 நொடி கழித்தே ஒளியின் ஒரு வகையான காமாக் கதிர் வந்தது. இதை வைத்து 'ஈர்ப்பலை ஒளியை முந்தியது' என்று எழுதுகிறார்கள். அது தவறு. மோதலுக்குப் பிறகு காமாக் கதிர் கிளம்பவே சில நொடிகள் ஆகலாம். ஆகவே ஆய்வாளர்கள் உடனே கிளம்பியது என்று ஒரு கணக்கு, 10 நொடி பிந்திக் கிளம்பியது என்று இன்னொரு கணக்கு போட்டார்கள். தொலைவோ சுமார் 13 கோடி ஒளியாண்டு. எச்சரிக்கையாக அதைக் குறைத்தே எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் ஈர்ப்பலை, ஒளி என்ற இரண்டின் வேகங்களுக்கு இடையிலான வேறுபாடு ஒளியின் வேகத்தில் ஆயிரம் லட்சம் கோடியில் மூன்று பங்கைத் தாண்டவில்லை.

அண்டம் விரைந்து விரிவதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கரும் ஆற்றலை விளக்கவந்த, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டை மாற்றியமைக்கும் கலிலியான் கோட்பாடுகள் பலவும் இங்கேதான் அடிபட்டன; அவற்றில் இரு வேகங்களும் வேறுபடும். இன்னொரு மாற்று ஈர்ப்புக் கோட்பாடான பிரான்ஸ்-டிக்கி கோட்பாட்டில் ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகமே, ஆகவே அது தப்பியது. ஆகவே ஐன்ஸ்டைனின் கோட்பாடு மட்டுமே மிச்சம் என்பதும் மிகை.

இன்னொன்று: மோதலுக்கு 1.1 நொடி முன்பு ஈர்ப்பலையை அளக்கும் அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் கருவியில் பெரிய இரைச்சல் ஒன்று குறுக்கிட்டது. அந்த இரைச்சலை மாதிரியமைத்துக் கழித்த பிறகே ஈர்ப்பலையின் வடிவத்தைச் சரியாக அளக்க முடிந்தது. கழிக்காமல் விட்டிருந்தால் கருவிக் கோளாறே ஐன்ஸ்டைன் கோட்பாட்டின் பிழைபோலத் தெரிந்திருக்கக்கூடும்.

இப்படிக்கு,
வாசகர்