மின் காரில் டேஷ்கேம் மாட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் கார் டெக்கார் கடை நடத்துபவர்களுக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கும் வணக்கம்.

தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கும் காருக்கு, கண்ணாடியோரம் மாட்டிச் சாலையைப் பதிவு செய்யும் கேமராவான டேஷ்கேம் ஆடம்பரம் இல்லை. இடித்தது யார் என்ற சண்டையில் அந்தப் பதிவுதான் சாட்சி. அதனால்தான் மின் கார் வாங்கிய கையோடு உங்களைத் தேடி வருகிறார்கள். அந்தக் காரில் வேலை செய்யும்போது மட்டும், பெட்ரோல், டீசல் வண்டியில் பழகிய முறையை அப்படியே செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மின் காரிலும் கேமராவுக்கு மின்சாரம் தருவது 12 வோல்ட் பேட்டரிதான். ஆனால் எஞ்சின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அங்கே கிடையாது. காரை ஓட்டும் பெரிய பேட்டரியிலிருந்து, வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாக அது சார்ஜ் ஆகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் வேலை இல்லாததால் பல மாடல்களில் இந்த பேட்டரி சிறியது. இது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகளான கான்டாக்டர்கள் வேலை செய்யாது. மெயினில் 80 சதவீதம் இருந்தாலும் கார் அசையாது, சார்ஜரைச் செருகினாலும் ஏறாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் நிற்கும்போதும் கேமரா விழித்திருக்கும் பார்க்கிங் மோடில் முன், பின் கேமரா சேர்ந்து 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் மூன்றே நாளில் பாதிக்கு மேல் காலி. மொரப்பூர் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயிலேறியவர் திரும்பி வந்து ரிமோட்டை அமுக்கினால் கதவே திறக்காது. நிற்கும்போதே 12 வோல்ட்டைத் தானாக ஏற்றிக்கொள்ளும் கார்களும் உண்டு. எல்லா மாடலும் அப்படி இல்லை என்பதால் அதை நம்பி வேலை செய்யக் கூடாது.

ஆகவே கேமராவை பியூஸ் பெட்டியோடு இணைக்கும் ஹார்டுவயர் கிட் மாட்டும்போது, பேட்டரி எந்த அளவுக்கு இறங்கினால் கேமரா நிற்க வேண்டும் என்ற கட்-ஆஃப் வோல்ட்டேஜைத் தொடாமல் விடாதீர்கள். 11.8 அல்லது 12.0 வோல்ட்டில் வைத்தால், கேமரா நிற்பதற்குள் லெட்-ஆசிட் பேட்டரி பெரும்பகுதி காலியாகியிருக்கும். 12.4 இருந்தால் அதில் வையுங்கள், இல்லையென்றால் 12.2. பேட்டரியின் லேபிளையும் படியுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஓய்வில் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அது 12.4-க்கு இறங்குவதற்குள் கிட்டத்தட்ட தீர்ந்திருக்கும். அந்தக் காரில் பார்க்கிங் மோடு கேட்டால், டேஷ்கேமுக்கென்று விற்கும் தனி பேட்டரி பேக்கைச் சொல்லுங்கள். ஓடும்போது மட்டும் பதிவானால் போதும் என்பவருக்கு 12 வோல்ட் சாக்கெட்டே போதும். கூலி குறைந்தாலும் அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அடுத்தது பியூஸ். ஒயரைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வழக்கத்தை இந்தக் கார்களில் அடியோடு விடுங்கள். வாரண்டிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஒயரை வெட்டாமல், பியூஸ் இருக்கும் இடத்திலேயே செருகி இன்னொரு இணைப்பு எடுக்க உதவும் பியூஸ் டாப் வாங்கி வையுங்கள். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று மூன்று அளவும் கையிருப்பில் இருக்கட்டும். பழைய பியூஸ் அதே ஆம்பியரில் ஒரு இடத்தில், கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ் இன்னொரு இடத்தில். டாப்பைச் செருகியதும் பழைய பியூஸைப் பிடுங்கி, கேமரா பக்கத்து ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வந்தால் திசை சரி. வராவிட்டால் கேமராவின் கரன்ட்டும் பழைய பியூஸ் வழியாகவே போகிறது என்று அர்த்தம். டாப்பைத் திருப்பிச் செருகுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், பேட்டரி மேலாண்மை பியூஸ்கள் பக்கமே போகக் கூடாது.

கார் ஆனில் இருக்கிறது என்று கேமராவுக்குச் சொல்லும் ஏசிசி ஒயருக்கு பியூஸ் தேடும்போது காரை ஆஃப் செய்து பூட்டி, அரை மணி நேரம் விட்டு, அந்த பியூஸில் மின்சாரம் நின்றுவிட்டதா என்று அளந்து பாருங்கள். பிறகு சார்ஜரைச் செருகியும் ஒருமுறை அளக்க வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை. சில கார்களில் சார்ஜ் ஏறும்போது அந்த பியூஸுக்கும் உயிர் வந்துவிடும். கார் ஓடுகிறது என்று நினைத்துக் கேமரா ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும். நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் 128 ஜிபி கார்டு 19 மணி நேரத்துக்குள் நிறைந்து, பழைய பதிவுகள் அழியத் தொடங்கும். முந்தின நாள் டோல்கேட்டில் உரசிய லாரியின் நம்பர் அதோடு போய்விடும்.

ஒயர் இழுக்கும் முன் 12 வோல்ட் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். கதவும் போனட்டும் திறந்தே இருக்கட்டும். மைனஸைக் கழற்றிவிட்டோம் என்று ஆரஞ்சு நிற கேபிளைத் தொடாதீர்கள், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட். முன்கண்ணாடி ஓரத் தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதன் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது ஒயர் குறுக்கே நிற்கும். எர்த்தை பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் ரிங் டெர்மினல் போட்டு முறுக்குங்கள். மைனஸ் முனையில் கரன்ட்டை அளக்கும் சென்சார் இருக்கும் காரில் எர்த்தை நேராக அந்த முனையில் கொடுத்தால், கேமரா இழுக்கும் கரன்ட் காரின் கணக்கிலேயே வராது.

நம் ஊர் வெயிலுக்கு, உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள கேமராவை விட, அதற்குப் பதிலாக மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதை விற்பதே நல்லது. வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடியோரச் சூட்டில் அந்த பேட்டரி உப்பிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த பியூஸில் எடுத்தீர்கள், கட்-ஆஃப் எத்தனை வோல்ட், பூட்டி அரை மணி நேரம் கழித்து டிசி கிளாம்ப் மீட்டர் காட்டிய கரன்ட் கேமராவோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்பதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். நாளைக்கு அந்தக் கார் வேறொரு கடையில் நின்றாலும், அங்கே வேலை செய்பவர் அதைப் பார்த்துத்தான் கை வைப்பார்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மின் கார் உரிமையாளர்கள் சிலர்