வெறுங்காலுக்கு ஏற்ற பாதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பண்பாட்டுக்கேற்ற பொருள் வடிவமைப்பு பற்றிய தங்கள் கட்டுரை நிறம், கோலம், சின்னம் என்ற அளவில் நின்றுவிட்டது. மக்கள் எப்படி உட்காருகிறார்கள், எதை மிதித்து நடக்கிறார்கள் என்பதில்தான் கடினமான வேலை இருக்கிறது. 'ஜெய்ப்பூர் கால்' என்ற செயற்கைப் பாதத்தைப் பற்றி ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.

மேலை நாடுகளின் 'சாக்' (SACH) என்ற செயற்கைப் பாதத்துக்கு உள்ளே வளையாத கட்டை, குதிகாலில் மெத்தை. ஷூ அணிந்து நாற்காலியில் அமர்பவருக்கு அது நல்ல பாதம். குந்தி உட்கார வேண்டியவருக்கு உதவாது. கணுக்கால் மடங்காமல் உடல் பின்னுக்குச் சாயும். வயல் சேற்றில் மெத்தை ஊறிக் கெடும். ஷூவின் குதி உயரத்துக்குச் சீரமைத்த பாதத்தை வெறுங்காலாக ஊன்றினாலும் தொல்லைதான். கீழ்க்கால் பின்னே சாய்ந்து, ஒவ்வொரு அடியிலும் முழங்கால் பின்பக்கம் தள்ளப்படும்.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் இதற்கு விடை கண்டார்கள். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் நுண்துளை ரப்பர், கணுக்காலுக்கு மட்டும் மரக்கட்டை. மேலே டயர் தொழிலில் புழங்கும் நூலிழை ரப்பரைச் சுற்றி, தோல்நிற ரப்பரால் மூடி, அச்சில் வைத்து வல்கனைஸ் செய்தார்கள், அதாவது சூடேற்றி ரப்பரை இறுக்கினார்கள். நீளக் கட்டை இல்லாததால் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கிறது. குந்தலாம், சம்மணமிடலாம், வரப்பிலும் நடக்கலாம். உடற்கூறு அறிந்தவரும் பட்டறை அறிந்தவரும் சமமாக உட்கார்ந்து செய்த வேலை இது.

காப்புரிமை என்ற வேலி இல்லாததால் இந்தத் தொழில்நுட்பம் ஆப்கானிஸ்தான், கம்போடியா வரை போனது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையமும் அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது.

குறையும் உண்டு. 'சாக்' பாதத்தைவிட இது கனம். கைவேலை என்பதால் தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும். அடுக்குகளுக்கு நடுவே காற்று சிக்கினால் ரப்பர் உரியும். வெறுங்காலுக்குச் சீரமைத்ததைக் குதி உயர்ந்த செருப்போடு போட்டால், இம்முறை முழங்கால் முன்னே தள்ளப்படும். ஆகவே எந்த ஊரானாலும், எந்தப் பாதமானாலும், அளவெடுக்கும் படிவத்தில் மூன்று கேள்விகள் கட்டாயம் வேண்டும்: வீட்டில் செருப்பு உண்டா, வெளியே போடும் செருப்பின் குதி எவ்வளவு, சாப்பாடும் கழிப்பறையும் தரையிலா. செருப்பைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, அதைப் போட்டும் கழற்றியும் நடக்கவிட்டுப் பார்த்த பிறகே பாதத்தைக் காலோடு பிணைக்கும் போல்ட்டை இறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயற்கை உறுப்புப் பொருத்துநர் ஒருவர், மதுரை